கோயில் மேட்டுப் பெட்டி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. இரண்டு பக்கமும் மலை நெருங்கி நிற்கிற பள்ளத்தில் லயத்தைக் கட்டி வைத்தார்கள். கட்டிய காலத்தில் போனைப் பற்றி யார் நினைத்தார்கள்? வெளியே ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் படிக்கட்டுப் பாதையில் ஏறி, ஃபேக்டரியைத் தாண்டி, பதுளை ரோடு வளைகிற முடக்குக்குப் போக வேண்டும். முழங்கால் போனவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை. அதனால் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கோயில் மேட்டில் உயரமாக ஒரு கம்பம் நட்டு இன்டர்நெட் எடுத்தோம். கோயில் சாமான் அறைச் சுவரில் பச்சை விளக்கு மினுக்குகிற ஒரு பெட்டி. அதிலிருந்து கூரைத் தகரத்துக்கு அடியால் வயர் இழுத்து, லயத்தின் இரண்டு தொங்கலிலும் சின்னப் பெட்டிகள் வைத்தார்கள். தண்ணீர்ப் பீலி மாதிரி அதுவும் எல்லாருக்கும் பொது. பிள்ளைகள் வைஃபை என்று சொல்கிறார்கள். எனக்கு அது பெட்டிதான்.

என்னுடையது தொங்கல் வீடு, லயத்தின் கடைசிக் காம்பரா. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, பிறகு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினவள். தமிழ் வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எனக்குக் குறைத்து எழுதினால்கூடப் பக்கத்து வீட்டு மதினிதான் எனக்காகச் சத்தம் போடும். "இவளுக்கு வாய் வச்சது சோறு திங்க மட்டுந்தான்" என்று கணக்கப்பிள்ளையிடமே சொல்லும். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

எனக்கு ஒரே மகள். வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். போகாதே என்று நான் சொன்னேன். சொன்னேன் என்றால், பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கப் போன அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே ஒரு தடவை சொன்னேன். அவள் கேட்கவில்லை. அதன்பிறகு அவள் விமானம் ஏறுகிற வரைக்கும் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. என் கோபம் அப்படித்தான். வாயை மூடிக்கொள்வேன், அவ்வளவுதான்.

போன தடவை லீவில் வந்தபோது அவளுடைய பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஊரில் எல்லாரும் பேசுகிற அந்தப் பச்சைப் படம் இந்தப் போனில் ஏறாது, போனுக்கு வயதாகிவிட்டது என்றாள். ஏறினாலும் அவள் இருக்கிற நாட்டில் அதில் பேச விடமாட்டார்களாம். அங்கே அரசாங்கமே அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறதாம். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் வேறு ஒன்றில் பேசுகிறார்கள் என்று அதை எனக்கும் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் படம் ஒரு மஞ்சள் குடை. கீழே என்னவோ இங்கிலீஷில் எழுதியிருக்கும். நான் குடையை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன். குடையைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றும், பிறகு குடை விரியும், அதில் மகளின் முகம் இருக்கும். அவள் கூப்பிட்டால் பச்சையைத் தொட வேண்டும். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அந்தப் போனில் இருந்த சிம் நாளாகக் காசு போடாமல் செத்துவிட்டது. இருந்திருந்தாலும் லயத்தில் சிக்னல் ஏது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவளுடைய வீட்டுக்காரர்கள் வெளியே போவார்கள். அப்போதுதான் கூப்பிடுவாள். அவள்தான் பேசுவாள். நான் "ம்" கொட்டுவேன். என்ன சமைத்தாய் என்று கேட்பாள். கிழங்கும் ரொட்டியும் என்பேன். சும்மா கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கடைசியாகப் பேசிய வெள்ளிக்கிழமை அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. வீட்டு எஜமானி அவளைத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறாளாம். தூரத்தில் வேறு ஊராம். அங்கே ஆட்கள் நிறையப் பேர், முன்னால் வேலைக்குப் போன பிள்ளை பாதியில் ஓடி வந்துவிட்டதாம். சம்பளம் கூட்டித் தருகிறோம் என்கிறார்களாம்.

"போகவா வேணாமான்னு எனக்குத் தெரியலம்மா. நீ யோசிச்சு வச்சிக்க. அடுத்த வெள்ளிக்கிழம எடுக்குறேன். நீ சொல்றபடி செய்றேன். தடவ தடவ எனக்குப் புத்தி இல்லாமப் போக வேணாம்."

நான் "ம்" என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் யோசித்துச் சொல்லச் சொன்னாள், நானும் யோசிக்க வேண்டும் என்று நினைத்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போதே என் பதில் வந்துவிட்டது. போகாதே, வீட்டுக்கு வந்துவிடு. அதை நான் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகினேன். வெள்ளிக்கிழமை தட்டுத் தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று.

அந்த வாரத்தில்தான் நடு வீட்டுக் காவல்காரருக்கு அந்தக் காரியம் நடந்தது. அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது, இதைத் தொட்டு விவரம் கொடுங்கள் என்று. வேறு ஊர்க்காரர் என்றால் சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒருத்தி வெளிநாட்டில். பார்சல் என்றால் சவுக்காரமும் பால்மாவும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகச் சப்பாத்தும்தான் எங்கள் கண்ணுக்குத் தெரியும். அவருடைய மகளும் குவைத்தில் இருக்கிறாள். தொட்டார். கேட்டதையெல்லாம் அடித்தார். பேங்கில் மகள் அனுப்பிச் சேர்ந்திருந்தது எல்லாம் போய்விட்டது. அந்த மனுசன் வாசல் இஸ்தோப்பில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் தண்ணீருக்குப் போகும்போது பார்த்தேன். குடத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போனேன்.

பௌர்ணமி லீவான போயா நாளில் கோயிலில் கூட்டம் போட்டார்கள். எங்கள் லயத்தில் எதுவென்றாலும் அங்கேதான் முடிவு. ஆம்பிளைகள் முன்னால் பாயில் உட்காருவார்கள், நாங்கள் பின்னால் தூணோடு. லயத்துத் தலைவர் கேட்பார், யாரும் எதிர்த்துப் பேசாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப்பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

அன்றைக்கு மதினியின் மருமகளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஹாலிஎலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, பதுளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. கட்டிக்கொண்டு வந்து ஒரு வருசம் ஆகவில்லை. பெட்டியில் ஒரு தடுப்புப் போடலாம் என்று அந்தப் பிள்ளைதான் சொல்லியிருந்தது. தலைவர் எல்லாருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லு தாயி என்றார்.

"போனுக்குப் பேரு மட்டுந்தாங்க தெரியும், எடம் தெரியாது. எதைத் தொட்டாலும் முதல்ல, 'இந்தப் பேருள்ளவன் வீடு எங்க இருக்கு'ன்னு ஒரு ஆளுகிட்டக் கேட்டுட்டுத்தான் போகும். இப்ப நம்ம பெட்டி கேக்குற ஆளு, யாரு எவருன்னு பாக்காம எல்லாத்துக்கும் வழி சொல்லிடுறான். நம்ம அந்த ஆள மாத்திடுவோம். களவாணிப் பேரு, அசிங்கமான பேருன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கிற ஆளுகிட்டக் கேக்க வைப்போம். அந்தப் பேருல எதக் கேட்டாலும், அப்படி ஒரு வீடே இல்லன்னு சொல்லிடுவான். தெரியாமத் தொட்டாலும் போய்ச் சேராது."

"அப்படி ஒரு ஆளு அந்தக் காலத்துல இருந்திருந்தா, பொண்ணு பாக்க வந்த இவரு எங்க வீட்டுக்கு வழி தெரியாமத் திரும்பிப் போயிருப்பாரு" என்று மதினி பின்னாலிருந்து சொன்னது. மதினியின் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "நானும் தப்பிச்சிருப்பேன்" என்றார். காவல்காரர்கூடக் கொஞ்சம் சிரித்தார்.

நாம் பேசுகிறதை எல்லாம் அது ஒட்டுக் கேட்குமா என்று ஒருவர் கேட்டார். இல்லை, பேரை மட்டும்தான் பார்க்கும், உள்ளே என்ன பேசுகிறோம் என்று அதற்குத் தெரியாது என்று அந்தப் பிள்ளை சொன்னது. பிறகு ஒவ்வொரு வீடாக, என்னென்ன பாவிக்கிறீர்கள் என்று கேட்டது. தவறிப்போய் நல்லது எதுவும் நின்றுவிடக் கூடாது, முன்னாலேயே பேரைச் சொன்னால் அதைத் திறந்து வைத்துவிடலாம் என்று. பிள்ளைகளின் பாட வகுப்பு, பேங்க், தோட்டத்துச் சேமலாப நிதி, நாடகம் பார்க்கிறது, ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். என் முறை வந்தது.

"அக்கா, உங்களுக்கு?" என்றார் தலைவர்.

எனக்குக் குடை தெரியும். குடையின் பேர் தெரியாது. குடை என்று சொன்னால் கூட்டம் சிரிக்கும் என்று நினைத்தேன். போனை எடுத்துக் காட்டலாம் என்றால் போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. எழும்பிப் போய் எடுத்து வர வேண்டும், அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். நான் முந்தானையைச் சுற்றிக்கொண்டு இருந்தேன்.

"இவளுக்கு என்னா, மகளோட பேசுறதுதான். அதுக்குன்னு தனியாவா இருக்கு, எல்லாரும் பேசுறதுதானே" என்று எனக்காக மதினி பதில் சொன்னது.

"அது நிக்காதுக்கா, பயப்படாதீங்க" என்றார் தலைவர். நான் தலையாட்டினேன். அடுத்த வீட்டைக் கேட்கப் போய்விட்டார்.

மறுநாள் அந்தப் பிள்ளை கோயிலுக்குப் போய்ப் பெட்டியில் மாற்றிவிட்டு வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், நல்லதுதான் நடந்தது. காவல்காரருக்கு அதே பார்சல் செய்தி திரும்பவும் வந்து, அவருடைய பேரன் தெரியாமல் தொட்டுவிட்டான். ஒன்றும் திறக்கவில்லை, வெள்ளையாக நின்றது. பிள்ளைகள் பாடம் பார்க்கும்போது நடுவில் வந்து விழுகிற அசிங்கப் படங்கள் நின்றன. மதினி பீலியடியில் நின்று தன் மருமகளைப் பற்றிப் பெருமையாகப் பேசியது. அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு ரொட்டி தட்டத் தெரியாது என்றுதான் பேசும்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் மத்தியானமே முகம் கழுவி, பொட்டு வைத்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வார்த்தை தயாராக இருந்தது. அவள் கூப்பிடவில்லை. குடையைத் தொட்டேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. குடை விரியவில்லை.

வட்டம் சுற்றினால் அவள் இன்னும் போன் பக்கம் வரவில்லை என்று நான் நினைத்தேன். அப்படித்தான் நான் அதை விளங்கி வைத்திருந்தேன். அவள் வந்து போனை எடுக்கிறவரை இந்தப் பக்கம் சுற்றும், வந்ததும் விரியும் என்று. அவள் அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள், என் கையில் இருக்கிற போனுக்கே அது வந்து சேரவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? மதினியின் வீட்டில் போன் பேசிக்கொண்டுதான் இருந்தது. நடு வீட்டில் குவைத் மகளின் சிரிப்புக் கேட்டது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, என் மகள்தான் வரவில்லை என்று இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். நடுவில் கிடைத்த நேரமெல்லாம் தொட்டுப் பார்த்தேன். போன் சூடாகிவிடும், கீழே வைப்பேன், ஆறினதும் எடுப்பேன். அவளுக்கு வேலை கூடிவிட்டதோ, சுகமில்லையோ, எஜமானி போனைப் பிடுங்கி வைத்தாளோ என்று ஒவ்வொன்றாக நினைத்தேன்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம் என்று இதை வாசிக்கிறவர்கள் சொல்வீர்கள். வெளிநாடு போன பிள்ளை வீட்டோடு பேசவில்லை என்று லயத்தில் தெரிந்தால் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்கு அப்படிப் பேசிப் பேசி, அது திரும்பி வந்த பிறகும் கோயிலுக்கு வர வெட்கப்பட்டது. மகள் எப்படி இருக்கிறாள் என்று மதினி கேட்டபோது, நல்லா இருக்கிறாள் என்றேன். என்ன சொன்னாள் என்றது. வேலை கூடிவிட்டது என்றாள் என்றேன். பிறகு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு நாள் யாருக்கும் சொல்லாமல் பதுளைக்குப் பஸ் ஏறினேன். வெளிநாட்டு வேலைக்காரர்களைப் பற்றிக் கேட்க ஒரு காரியாலயம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த சிங்கள நோனா நல்ல மாதிரி, தெரிந்த தமிழில் பேசினாள். மகள் வேலை செய்கிற வீட்டின் விலாசம் கேட்டாள். தெரியாது என்றேன். அனுப்பிய ஏஜென்சியின் பேர்? தெரியாது. மகளின் போன் நம்பர்? நான் போனை நீட்டி, இதில் இருக்கிறது என்றேன். அவள் குடையைத் தொட்டாள். வட்டம் சுற்றியது. அங்கே என் போனுக்கு இன்டர்நெட் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பாஸ்போர்ட் கொப்பி இருந்தால் எடுத்துக்கொண்டு வாங்கம்மா, அது இருந்தால் ஏதாவது பார்க்கலாம் என்றாள். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன். மகளை எந்த ஊரில், யார் வீட்டில் விட்டிருக்கிறேன் என்று ஒரு தாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கு அந்த வாசலில்தான் உறைத்தது.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்த மதினியின் மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"என்னாங்க பெரியம்மா, டவுனுக்கு? சொல்லியிருந்தா நானே வாங்கிட்டு வந்திருப்பேனே."

நான் சும்மா என்றேன். அது என் முகத்தைப் பார்த்தது.  ஹாலிஎலையைத் தாண்டுகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எப்படி வந்ததோ தெரியாது, மகள் பேசவில்லை தாயி என்று சொல்லிவிட்டேன். கேட்கிற மாதிரிச் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை கையை நீட்டியது. போனைக் கொடுத்தேன். குடையைப் பார்த்ததும் அதன் முகம் மாறியது.

"பெரியம்மா, இதுலயா பேசுறீங்க?"

ஆமாம் என்றேன். அது தன் போனை எடுத்தது. அதிலிருந்து என் போனுக்கு இன்டர்நெட் கொடுத்தது. வட்டம் சுற்றவே இல்லை, குடை சட்டென்று விரிந்தது. அடுத்த நிமிசம் போன் கூவத் தொடங்கியது. டிங், டிங், டிங் என்று விடாமல். அத்தனை நாளாக வாசலில் நின்ற கூட்டம் கதவைத் திறந்ததும் உள்ளே விழுகிற மாதிரி. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனை முந்தானைக்குள் சுற்றிப் பிடித்தேன். அப்போதும் கேட்டது.

அந்தப் பிள்ளை தன் காதில் மாட்டுகிற வயரை எடுத்து என் காதில் வைத்து, ஒன்றைத் தொட்டது. மகளின் குரல்.

"என்னம்மா எடுக்க மாட்டேங்கிற? சுகமில்லையா?"

அடுத்தது. இன்னும் அனுப்பவில்லை, எஜமானி வெளியூர் போய் வந்துதான் முடிவாம், போனை எடு என்றாள். அதற்கடுத்தது. பக்கத்து வீட்டு அத்தையின் நம்பர் பழைய போனோடு போய்விட்டது, வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்றாள்.

"கோவமாம்மா? நீ கோவம்னா பேச மாட்ட, எனக்குத் தெரியும். நீ போகாதன்னு சொல்லியும் வந்தேன்ல. அதுக்கு இப்ப இப்படிச் செய்யாதம்மா."

கடைசியாக இருந்தது கொஞ்சம் நீளம். அவள் எங்கேயோ ஒளிந்து நின்று பேசுகிற மாதிரிச் சன்னமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போறாங்களாம். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. அந்த வீட்ல போன் வச்சிக்க விட மாட்டாங்களாம். எனக்குப் பயமா இருக்கு. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் இங்கயே அழுது உக்காந்துருவேன், என்னா செஞ்சாலும் போக மாட்டேன். நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன். சொல்லும்மா."

அந்தப் பிள்ளை தேதியைப் பார்த்தது. அவள் அதைப் பேசி அனுப்பி நாலைந்து நாள் ஆகிவிட்டது.

பஸ் முடக்கில் நின்றது. இரண்டு பேரும் இறங்கினோம். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னது. அந்தக் குடை வழியை மறைத்துக்கொண்டு போகிற சாதியாம். அந்த நாட்டுத் தடுப்புக்குத் தெரியாமல் போக வேண்டும் என்றே செய்ததாம். அப்படி மறைந்து போகிறதற்குள் எது போகிறது என்று எந்தத் தடுப்புக்கும் தெரியாது. அதனால் எங்கள் பெட்டி கேட்கிற ஆளின் பட்டியலில் அதுவும் கெட்ட பேராக இருந்திருக்கிறது. அங்கே ஒரு அரசாங்கத்தின் தடுப்பைத் தாண்டி வந்த என் பிள்ளையின் குரல், எங்கள் கோயில் மேட்டில் வந்து நின்றுபோனது.

"நீங்க அன்னைக்கே காட்டியிருக்கலாமே பெரியம்மா" என்றது. பிறகு, "நான் வீடு வீடா வந்து போன வாங்கிப் பாத்திருக்கணும்" என்றது. நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? காவல்காரர் வீட்டில் அழுத அழுகை அதற்குமல்லவா தெரியும்.

இதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுங்கள், போய்ச் சேரும் என்று போனை என் வாய்க்கு நேரே வைத்தது. நான் அழுத்தினேன். அத்தனை நாளாகப் பழகி வைத்த வார்த்தை வரவில்லை. லொறி ஒன்று ஏற்றத்தில் உறுமிக்கொண்டு போனது. விரலை எடுத்தேன். லொறிச் சத்தமும் என் மூச்சும் மட்டும் அவளுக்குப் போய்விட்டன. திரும்ப அழுத்தினேன். "போகாத தாயி. கோவமில்ல. வீட்டுக்கு வந்துரு" என்றேன்.

பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. நம்மிடமிருந்து போய்விட்டது என்றால் ஒரு கோடு, அவளுடைய போனுக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு கோடு என்று அந்தப் பிள்ளை சொன்னது. இருட்டு விழுகிற வரைக்கும் முடக்கிலேயே நின்றோம். ஒரு கோடுதான்.

அடுத்த கூட்டத்தில் என் விசயத்தைப் பேசினார்கள். நான் தூணோடு உட்கார்ந்திருந்தேன். பட்டியலில் கெட்டது என்று இருக்கிறதை ஒருத்தருக்காகத் திறந்துவிட்டால், அந்த ஓட்டையால் வேறு எதுவும் வந்துவிடாதா என்று தலைவர் யோசித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை, குடையின் பேரை மட்டும் விடலாம், மற்றது எல்லாம் அடைத்தே இருக்கும், ஆனால் குடைக்குள் போகிறதைப் பெட்டியால் பார்க்க முடியாது என்று உள்ளதைச் சொன்னது.  காவல்காரர்தான் எழும்பினார்.

"தொறந்து விடுங்க. எனக்குப் போனது காசுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பப் பாயில் உட்கார்ந்தார். மதினி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது ஒரு பகடியும் பேசவில்லை.

இப்போது லயத்திலேயே குடை சட்டென்று விரிகிறது. நான் பாஸ்போர்ட் கொப்பியைத் தேடி எடுத்து, அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதுளைக் காரியாலயத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மகளின் கடைசிப் பேச்சை அந்த நோனாவும் கேட்டாள். தமிழ் முழுக்க விளங்கியிருக்காது. ஆனாலும் கேட்டு முடிக்கும் வரை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தூதரகத்துக்கு எழுதுகிறோம், கொஞ்சம் நாளாகும் என்றாள். பிறகும் இரண்டு தடவை போனேன். எழுதியிருக்கிறோம் என்றார்கள்.

நான் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இல்லை, நினைத்த நேரமெல்லாம் அழுத்திப் பிடித்துப் பேசுகிறேன். முன்னைப்போல் நாக்கு ஒட்டுவதில்லை. மழை பெய்கிறது என்பேன், இன்றைக்கு மதினி வீட்டில் சோளம் அவித்தார்கள் என்பேன், வந்துவிடு என்பேன். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு. வேலை விட்டு வருகிற மதினியின் மருமகள் தன் வீட்டுக்குப் போகுமுன் என் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று எட்டிப் பார்க்கும்.

"ஒண்ணுதானா பெரியம்மா?"

"ஒண்ணுதான் தாயி" என்பேன். போனைச் சார்ஜில் போடுவேன்.